அம்புக்குறிகளை எடுத்த மதியம்

மகள் பிறந்தபோது விட்ட வேலைக்குப் பதினான்கு வருடம் கழித்து மறுபடியும் போனேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து முடிந்திருந்தது. மலையாள எல்லையோரம் எலப்புள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு ஸ்கூட்டரில் அரை மணி நேரம்கூட ஆகாது. பேட்டரிக் கடை ஒன்றின் மாடியில் ஆறு பேர் இருக்கும் கம்பெனி. தேயிலை ஃபேக்டரிகளுக்கு புரோகிராம் எழுதித் தருவதுதான் தொழில். இலை வாட்டும் அறையில் ஈரம் எவ்வளவு, டிரையரில் சூடு எவ்வளவு என்று சென்சார் சொல்வதை எங்கள் புரோகிராம் வாங்கித் திரையில் காட்டும், பதிந்தும் வைக்கும். ஆறு பேரில் நான்தான் மூத்தவள். முதலாளி என்னைவிட எட்டு வயது சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சார் என்பேன்.

அந்த வருடம் எனக்கு உடம்பு சரியில்லை. படுத்துக் கிடக்கிற நோய் இல்லை. மாதவிலக்கு நிற்கப் போகும் வயதில் வரும் அதிகப்படியான போக்கு. அதனால் இரத்தம் குறைந்துவிட்டது என்று டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரை குமட்டியது. விடியுமுன் எழுந்து சமைத்து, மகளை என்ட்ரன்ஸ் வகுப்புக்கு அனுப்பி, ஷிஃப்ட் முடிந்து வரும் கணவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு ஆபீசுக்கு வருவேன். காலையில் ஓரளவுக்குத் தெம்பாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் திரையில் எழுத்துகள் தெரியும், அர்த்தம் ஏறாது.

சேர்ந்த மூன்றாவது மாதம் முதலாளி ஒரு பழைய புரோகிராமைக் கொடுத்தார். பெங்களூருக்குப் போய்விட்ட ஒருவர் பல வருடம் முன்பு எழுதியது. "வேலையெல்லாம் ஒழுங்காத்தான் செய்யுதுங்க்கா. ஆனா தொறந்தாலே கண்ணைக் கட்டுது. கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுங்க," என்றார்.

திறந்தேன். பக்கமெல்லாம் மஞ்சள் கோடுகள். நாங்கள் புரோகிராம் எழுதும் எடிட்டர் தவறுக்குச் சிவப்புக் கோடும், இன்னும் அழகாக எழுதலாம் என்று அது நினைக்கும் இடங்களுக்கு மஞ்சள் கோடும் போடும். மஞ்சளில் பாதிக்கு மேல் ஒரே யோசனைதான்: இந்த லாம்டாவை மெத்தட் ரெஃபரன்ஸாக மாற்றலாம்.

நான் வேலையை விட்ட காலத்தில் இந்த மொழியில் லாம்டாவும் இல்லை, மெத்தட் ரெஃபரன்ஸும் இல்லை. மறுபடி வேலை தேடிய நாட்களில் அடுப்படியில் செல்போனைச் சாய்த்து வைத்து, தோசை ஊற்றிக்கொண்டே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். லாம்டா என்பது பெயரில்லாத ஒரு சின்ன வேலைக் குறிப்பு. நடுவில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதற்கு வலப்பக்கம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவோம். எழுதி வைப்பது இப்போது, வேலை நடப்பது பிறகு. மெத்தட் ரெஃபரன்ஸில் அம்புக்குறி கிடையாது. ஏற்கெனவே ஒரு பெயரோடு இருக்கும் மெத்தடைச் சுட்டிக் காட்டி 'இதைச் செய்' என்பதோடு சரி. வேலையைச் செய்யும் ஆப்ஜெக்டின் பெயர், நான்கு புள்ளி, செய்ய வேண்டிய மெத்தடின் பெயர். முடிந்தது. இரண்டும் ஒன்றுதான், இரண்டாவது சுருக்கமான வடிவம் என்று வீடியோவில் வந்தவர் சொன்னார். பெரும்பாலான இடங்களில் அது உண்மைதான். எழுத்தை எண்ணாக மாற்று, வரியின் ஓரத்து இடைவெளியை வெட்டு என்பது போன்ற வேலைகளை எப்படி எழுதினாலும் விளைவு மாறாது.

ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். மஞ்சள் கோட்டில் கர்சரை வைத்து இரண்டு பொத்தானை அழுத்தினால் எடிட்டரே மாற்றிவிடும். அம்புக்குறி போய் நான்கு புள்ளி வரும். மஞ்சள் மறையும். எனக்கு அது பிடித்திருந்தது. யோசிக்க வேண்டாம், வேலை நடப்பது கண்ணுக்குத் தெரியும். சில இடங்களில் எடிட்டர் தன் யோசனைக்குப் பக்கத்தில், பொருள் மாறலாம் என்று ஆங்கிலத்தில் சின்னதாக எழுதிக் காட்டியது. பார்த்தேன். முதல் இரண்டு இடங்களில் நின்று யோசித்தேன். மூன்றாவதில் இருந்து யோசிக்கவில்லை. பிறகு எங்களிடம் இருந்த சோதனைகளை எல்லாம் ஓட்டினேன். எல்லாம் பச்சை, ஒன்றும் தவறவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "அட, பளிச்சுனு ஆயிருச்சுங்க்கா," என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் அந்த புரோகிராம் எங்கள் வாடிக்கையாளர்களுக்குப் போனது. தேவிகுளத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு சின்ன ஃபேக்டரியும் அதில் ஒன்று. அப்போது ஆடி மாதம், கர்க்கடக மழை. மலையில் தினமும் எங்காவது மரக்கிளை லைன் மேல் விழும், கரண்ட் போகும், ஃபேக்டரியில் ஜெனரேட்டர் போடுவார்கள்.

ஒரு புதன்கிழமை முதலாளி போனில் பேசி முடித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். தேவிகுளம் ஃபேக்டரியில் திங்கட்கிழமை டிரையரில் தூள் கருகிப் புகைந்துவிட்டது, தண்ணீர் அடித்து அணைத்திருக்கிறார்கள் என்றார்.

"நம்ம ரெக்கார்டு எல்லாம் கிளியரா இருக்குங்க்கா. சூடு கடைசி வரைக்கும் எண்பத்தஞ்சுதான். ஆளுங்க ஏதோ தப்புப் பண்ணியிருப்பாங்க. சாஃப்ட்வேர் சரியா இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் கேக்கறாங்க. எழுதிக் குடுத்துருங்க."

எழுதுவதற்கு முன் அந்த ரெக்கார்டைத் திறந்தேன். சந்தேகப்பட்டுத் திறக்கவில்லை, எந்த மணியில் இருந்து எந்த மணி வரை என்று கடிதத்தில் போட வேண்டியிருந்தது. காலை பதினொன்றேகால் வரைக்கும் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எண்பத்தைந்து புள்ளி ஒன்று, எண்பத்தைந்து புள்ளி ஆறு, எண்பத்து நான்கு புள்ளி ஒன்பது, எண்பத்தைந்து புள்ளி நான்கு. பிறகு சில நிமிடம் காலி. கரண்ட் போன நேரம்; கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடும், பதிவு மட்டும் நிற்கும். அதற்குப் பிறகு எண்பத்தைந்து புள்ளி நான்கு. அடுத்ததும் எண்பத்தைந்து புள்ளி நான்கு. அதற்கடுத்ததும். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல், புகை வந்து எல்லாரும் ஓடிய நேரத்திலும், எண்பத்தைந்து புள்ளி நான்கு.

விறகு போட்டு எரிக்கிற டிரையரில் சூடு ஒரு நிமிடம்கூட அப்படி நிற்காது.

அந்த வரியைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. பெங்களூர்க்காரர் அதை லாம்டாவாக எழுதியிருந்தார்: கேட்கும்போதெல்லாம் 'சென்சார்' என்ற பெயரில் இருப்பதிடம் போய்ச் சூட்டை வாங்கி வா. அந்தப் பெயரில் இருப்பது எப்போதும் ஒரே ஆப்ஜெக்ட் இல்லை. கரண்ட் போய் வந்தால் புரோகிராம் பழைய ஆப்ஜெக்டை விட்டுவிட்டு, புதிதாக ஒன்றைச் செய்து, அதே பெயரில் வைத்துக்கொள்ளும். லாம்டா ஒவ்வொரு முறை ஓடும்போதும் அந்தப் பெயரில் இப்போது எது இருக்கிறது என்று பார்க்கும். நான் மாற்றி வைத்த மெத்தட் ரெஃபரன்ஸ் அப்படிப் பார்க்காது. அந்த வரி முதல் தடவை ஓடிய நொடியில் எந்த ஆப்ஜெக்ட் இருந்ததோ அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பெயர் யாருக்குப் போனாலும் அதற்குக் கவலையில்லை. பழைய ஆப்ஜெக்டோ, லைன் அறுந்தால் கடைசியாகத் தெரிந்த எண்ணையே திருப்பிச் சொல்லும்படி எழுதப்பட்டது. கம்பி ஒரு நொடி விட்டுச் சேரும்போது திரை பதறக்கூடாது என்பதற்காக. அதுவும் நியாயமான ஏற்பாடுதான்.

எங்கள் ஆபீசில் சென்சார் மாட்டி வைத்திருந்த சோதனைப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். எண் அப்படியே நின்றது. சென்சாரைக் கையில் பொத்திச் சூடாக்கினேன். நகரவில்லை. வரியைப் பழையபடி அம்புக்குறி போட்டு எழுதிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். எண் ஏறியது.

முதலாளியிடம், "ஒரு சின்னத் திருத்தம் இருக்குங்க சார், எல்லாருக்கும் அனுப்பிடலாம்," என்று மட்டும் சொன்னேன். அன்றே அனுப்பினோம். அவர் கேட்ட இரண்டு வரியை நான் எழுதவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றேன். நான்கு நாள் அப்படிப் போனது. சொல்ல வேண்டும் என்று தெரியும். சொன்னால் அதற்குப் பிறகு வரும் பேச்சு, கேள்வி, போன், விளக்கம் எல்லாவற்றையும் நினைத்தாலே உடம்பு தளர்ந்தது. கருகியது தேயிலைத் தூள்தானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது நாள் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த டிரையர் ஆளை அன்னைக்கே வீட்டுல உக்கார வெச்சிட்டாங்களாம். என்கொயரி முடியற வரைக்கும் வேலைக்கு வரக்கூடாதுன்னுட்டாங்க. பாவம், கையில வேற சுட்டுருச்சாம்."

என் டிபன் பாக்ஸை மூடினேன்.

"சார், அது நான் பண்ணினதுங்க," என்றேன்.

அவருக்கு விஷயம் புரிய நேரம் ஆகவில்லை, அவரும் புரோகிராமர்தானே. திரையில் இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார்.

"யாரும் கண்டுபிடிக்க முடியாதுங்க்கா," என்றார் கடைசியில். மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. இருப்பதைச் சொன்னார்.

"ஆமாங்க."

"அவுங்க நம்மளை விட்டுட்டா இன்னும் ரெண்டு ஃபேக்டரி கூடவே போயிரும்."

"தெரியுதுங்க சார். அந்தாளு எட்டு நாளா வீட்டுல இருக்காரு."

அவர் எழுந்து டீ குடிக்கக் கீழே போனார். திரும்பி வந்தபோது, "லெட்டர் எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா நேர்ல போய்ப் பேசறது நீங்கதான். என்னால முடியாது," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கணவர் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். "இந்த உடம்ப வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் போகோணுமா? போன்ல சொன்னாப் பத்தாதா?" என்று கேட்டார். பத்தாது என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை; ஒரு பாட்டில் தண்ணீரும் நான்கு ஆரஞ்சும் வாங்கிக் கொடுத்தார். பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து மறையூர் வழியாக மலை ஏறும் பஸ். சின்னாறு செக்போஸ்ட்டில் கண் விழித்தேன், மறுபடி தூங்கிவிட்டேன். மூணாறில் இறங்கும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. ஜீப் பிடித்து ஃபேக்டரி வாசலில் இறங்கியபோது மணி இரண்டு.

மேனேஜர் அறையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். மேனேஜர் கோட்டயம் பக்கத்து மனிதர், மலையாளம் கலந்த தமிழ் பேசினார். அவருக்கு இடப்பக்கம் ஷிஃப்ட் ஆபீசர். எதிரே யூனியன்காரர். சுவரோரமாக ஸ்டூலில், வலது முன்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு டிரையர் ஆப்பரேட்டர். ஐம்பது வயது இருக்கும். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை; நான் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். என்னையும் அவருக்கு எதிராகப் பேச வந்த ஆள் என்றுதான் நினைத்திருப்பார்.

கடிதத்தைக் கொடுத்தேன். மேனேஜர் படித்தார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். மறுபடியும் படித்தார்.

"எனிக்கு இது மனசிலாகல்ல மேடம். லாம்டா, ரெஃபரன்ஸ்... சாதாரண ஆளுக்கு மனசிலாகுற மாதிரி பறயணும்."

வரும் வழியில் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன், தூங்காமல் இருந்த நேரமெல்லாம். யோசித்து வைத்ததை எல்லாம் விட்டுவிட்டேன். மேனேஜருக்குப் பின்னால் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. எந்த வேலைக்கு அன்று யார் என்று சாக்கட்டியில் எழுதியிருந்தார்கள். அதைக் காட்டினேன்.

"சார், நீங்க ஒரு ஆளை அனுப்பி டிரையர்ல சூடு எவ்வளவுன்னு கேட்டுட்டு வரச் சொல்றீங்க. ரெண்டு மாதிரி சொல்லலாம். ஒண்ணு, 'ஒவ்வொரு தடவையும் அந்தப் பலகையைப் பாரு, டிரையர்ல இன்னைக்கு யார் பேரு இருக்கோ அவர்கிட்டப் போய்க் கேளு.' பழைய புரோகிராம் அப்படித்தான் இருந்துதுங்க. அதுதான் லாம்டா. இன்னொண்ணு, முதல் நாள் ஒரு தடவை பலகையைப் பார்த்து, அன்னைக்கு இருந்தவரைக் காமிச்சு, 'இவர்கிட்டயே கேளு'ன்னு சொல்லி அனுப்பறது. அது மெத்தட் ரெஃபரன்ஸ். ஆள் மாறாத வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். வித்தியாசமே தெரியாது."

"ஆள் மாறினா?"

"ரெண்டாவது மாதிரியில அவன் பழைய ஆள் ஊட்டுக்கே போய்க் கேட்டுட்டு இருப்பானுங்க. அவரு ஊட்டுல உக்காந்துக்கிட்டு, தான் கடைசியாப் பார்த்த சூட்டையே சொல்லிட்டு இருப்பாரு. அன்னைக்குக் கரண்ட் போய் வந்தப்ப புரோகிராமுக்குள்ள ஆள் மாறுச்சு. திரையில வந்த எண்பத்தஞ்சு, கரண்ட் போறதுக்கு முன்னால இருந்த எண்பத்தஞ்சு."

ஸ்டூலில் இருந்தவர்தான் முதலில் பேசினார்.

"அப்போ பொட்டி டிரையரப் பாக்கவே இல்ல."

"இல்லைங்க. பார்க்கலைங்க."

"நான் சொன்னேன்லா," என்று அவர் ஷிஃப்ட் ஆபீசரைப் பார்த்துச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு தடவ வந்து சொன்னேன். சூடு கூடுது, அடுப்ப அமத்தணும்னு. நீங்க பொட்டியக் காட்டி, இதுல எண்பத்தஞ்சு இருக்கு, போய் வேலயப் பாருன்னீக."

ஷிஃப்ட் ஆபீசர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சின்ன வயதுக்காரர்தான். திரையை நம்பச் சொல்லித்தான் அவருக்கு வேலை கொடுத்திருந்தார்கள். அவருடைய அறிக்கையில், ஆப்பரேட்டர் தன் இடத்தில் இல்லை, விறகை அளவில்லாமல் போடவிட்டார் என்று எழுதியிருந்ததை யூனியன்காரர் படித்துக் காட்டினார்.

"இது மெஷினோட கம்ப்ளெயின்டு, அப்படித்தானே?" என்றார் மேனேஜர்.

"மெஷின் சரியா இருந்துதுங்க. முன்னால எழுதினவரும் சரியாத்தான் எழுதியிருந்தாரு. நான் மாத்தினேன். மாத்தினா அர்த்தம் மாறலாம்னு எடிட்டர் காட்டுச்சு. நான் கவனிக்கலை."

"எதுக்கு மாத்தணும்?"

"பார்க்க நல்லா இருக்கும்னுங்க," என்றேன். அந்த அறையில், அந்தக் கைக்கட்டுக்கு முன்னால், அதைவிடச் சின்னதாக ஒரு பதிலைச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அதுதான் உண்மை.

மேனேஜர் கடிதத்தை ஒரு ஃபைலில் வைத்தார். மேலே எழுத வேண்டும், தீர்மானம் வரும் என்றார். யூனியன்காரர், இன்றைக்கே வேலைக்கு எடுக்க வேண்டும் என்றார். மேனேஜர், அப்படியெல்லாம் ஒரு நாளில் முடியாது, நடவடிக்கிரமம் உண்டு என்றார். நடைமுறையைத்தான் அப்படிச் சொன்னார். அரை மணி நேரம் அதே இரண்டு வாக்கியங்கள் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன. எனக்குத் தலை சுற்றியது. ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரிக்கலாமா என்று யோசித்து, உரிக்கவில்லை.

வெளியே வந்து ஜீப்புக்கு நின்றபோது ஆப்பரேட்டர் பக்கத்தில் வந்தார்.

"ஜீப்பு வர இன்னும் நேரம் கெடக்கும்மா. மழையில நிக்காண்டாம். லயத்துக்கு வாங்க, இந்தா கீழதான்."

லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். போக எனக்கு மனமில்லை. நிற்கவும் தெம்பில்லை. போனேன். அவர் மனைவி கொழுந்தெடுக்கும் வேலை செய்பவர். மழைக்காக இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் அவிழ்க்காமல் வாசலில் நின்றிருந்தார்.

"என்ன சொன்னாக?" என்று கணவரைக் கேட்டார்.

"மேல எழுதணுமாம். இந்தம்மாதான் பொட்டிக்கு எழுதுனவுக. அவுக பெசகுன்னு வந்து சொல்லிட்டாக."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா அது," என்றார்.

"ஆமாங்க."

"பன்னெண்டு நாளு. இந்த மனுசன் வெளிய எறங்கல. வேலயில தூங்கிட்டான்னு லயம் முழுக்கப் பேச்சு. பச்சத்தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல. இருபத்திரெண்டு வருசமா அந்த டிரையர்ல நிக்காரு. ஒரு மெமோ வாங்கினதில்ல."

மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போய்ப் பாலில்லாத டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் தாளை அவிழ்க்கப் பின்பக்கம் போய்விட்டார். டீ சூடாக, நிறையச் சர்க்கரையோடு இருந்தது. ஆப்பரேட்டர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கருகும் தூளைக் கிளறி வெளியே இழுக்கக் கதவைத் திறந்தபோது அனல் அடித்ததாம். இப்போது வலி இல்லை, அரிக்கத்தான் செய்கிறது என்றார்.

"நீங்க வராட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா," என்றார். நன்றி சொல்கிறாரா, என் பிழையைக் கணக்கில் வைக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் செல்போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஜீப் வரும் சத்தம் கேட்டது. பையில் இருந்த ஆரஞ்சுகளை அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு நான் மாற்றிய ஒவ்வொரு வரியையும் மறுபடி பார்த்தேன். மதியத்தில் பார்க்கவில்லை, தினமும் காலையில் முதல் ஒரு மணி நேரம். நான்கு புள்ளிக்கு இடப்பக்கம் இருக்கும் பெயர் பின்னால் வேறு ஆப்ஜெக்டுக்குப் போகக் கூடியதா என்பது ஒன்றுதான் கேள்வி. மாறாத பெயர் என்றால் விட்டுவிட்டேன். மாறக்கூடியது என்றால் அம்புக்குறியைத் திரும்பப் போட்டேன். மொத்தம் ஐந்து இடங்கள். கரண்ட் போய் வருவது போல ஒரு சோதனையும் எழுதிச் சேர்த்தேன். அந்த ஐந்து இடங்களிலும் எடிட்டர் இன்னும் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

வாடிக்கையாளர் யாரும் எங்களை விடவில்லை. வேறு கம்பெனி தேடுவது அவர்களுக்கும் வேலைதான். முதலாளி அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆனால் நான் எழுதுவதை இப்போதெல்லாம் வேறொருவரும் படித்த பிறகுதான் வெளியே அனுப்புகிறார். அது சரியான ஏற்பாடு. நானே கேட்டிருக்க வேண்டியது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் ஆப்பரேட்டர் ஒரு படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். மலையாளத்தில் டைப் செய்த ஒரு பக்கக் கடிதம். பின்னாலேயே போனும் வந்தது.

"ஏம்மா, நான் எஸ்டேட்டு ஸ்கூல்ல தமிழ்தான் படிச்சேன். எழுத்துக் கூட்டிப் பாத்தேன், முழுசா வெளங்கல. என்ன போட்டிருக்கு?"

எனக்கு மலையாளம் படிக்க வரும்; படித்துப் பார்த்தேன். "உங்க மேல எடுத்த நடவடிக்கையை முடிச்சுட்டாங்கன்னு போட்டிருக்குங்க. திங்கக்கிழமை காலையில வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதே டிரையருக்கு."

"சரி."

"வராத நாளுங்களை லீவுல கழிக்கக்கூடாதுன்னும் இருக்குங்க."

"நல்லது. அவ்வளவுதானா?"

இன்னும் ஒரு வரி இருந்தது. 'சம்சயத்தின் ஆனுகூல்யம் நல்கி' என்று தொடங்கும் வரி. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. அவருக்கு வேலை கிடைத்துவிட்டது, எனக்கும் ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனால் கடிதம் அவருடையது.

"சந்தேகத்தோட பலனை உங்களுக்குக் குடுத்து விடறோம்னு எழுதியிருக்காங்க," என்றேன்.

அவர் அந்த வார்த்தைகளை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"சந்தேகமா?" என்றார். "நீங்கதான் வந்து எல்லாத்தயும் சொன்னீகளே. உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

"எனக்கு இல்லைங்க."

"எனக்கும் இல்ல. அப்பொறம் யாருக்கும்மா?"

எனக்குத் தெரியவில்லைங்க என்றேன். அந்த வரியை எடுக்கச் சொல்லி மேனேஜருக்கு எழுதுகிறேன் என்றும் சொன்னேன். எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டு வாரம் விட்டு மறுபடி எழுதினேன். அதற்கும் வரவில்லை. ஆப்பரேட்டர் அந்தத் திங்கட்கிழமையே வேலைக்குப் போய்விட்டார்.